முதுசமும் தேடியதேட்டமும்

புகழ்பெற்ற நடிகர் ஒருவருடைய மகன் திரையிலே தோன்றும்போது நாம் பொதுவாக இரண்டு வகையாகப் பேசுகிறோம். அவனுடைய நடிப்பு நமக்குப் பிடித்துவிட்டால், "புலிக்குப் பிறந்தது பூனையாகுமா?" என்று வியக்கிறோம். பிடிக்காவிட்டால், "தகப்பன் பெயரால் வந்தவன்தானே!" என்று தள்ளிவிடுகிறோம். புகழ்ச்சியும் இகழ்ச்சியும் வேறு வேறாயினும் இரண்டுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. இரண்டிலும் தகப்பன் இருக்கிறான். மகன் செய்த வேலை இல்லை.

இந்த எண்ணம் எனக்கு எழுந்தது எங்கள் வாசகர் வட்டத்திலே நடந்த ஒரு விவாதத்தின் பின்னர்தான். அமெரிக்காவிலே அண்மைக் காலத்தில் 'நெப்போ பேபி' என்றொரு சொல் வழக்குக்கு வந்திருக்கிறது. உறவுச் சலுகையால் உயர்ந்த குழந்தை என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். 2022 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் 'நியூ யோர்க்' என்னும் சஞ்சிகை, பெயர்பெற்ற கலைஞர்களின் பிள்ளைகளாகிய நடிகர் நடிகையர் சிலரின் முகங்களைக் கைக்குழந்தைகளின் உடல்களிலே பொருத்தி அட்டைப்படம் வெளியிட்டதோடு அச்சொல் உலகெங்கும் பரவிவிட்டது. எங்கள் வட்டத்துக்கு வரும் இளம் ஆசிரியர் ஒருவர் அதனை எடுத்துக்கொண்டு வெகு காரசாரமாகப் பேசினார். "திறமையுள்ள ஏழைப்பிள்ளை வாசலிலே நிற்கிறான், நடிகரின் பிள்ளை உள்ளே பிறக்கிறான். பிறகு இருவரும் உழைத்தார்கள் என்று பேசுவதிலே என்ன நியாயம்?" என்பது அவருடைய கேள்வி.

அவருடைய கோபம் நியாயமானது என்றே நானும் சொன்னேன். ஆனால் வீடு திரும்பும் வழியிலே என் மனம் அமைதியடையவில்லை. அதற்கான காரணத்தைப் பின்னர் சொல்கிறேன். அன்றிரவு என் நினைவுக்கு வந்தது ஹொலிவூட்டின் ஒரு குடும்பம். நான்கு தலைமுறையாக வறுமையும் உழைப்பும் செல்வமும் சீரழிவும் மாறி மாறி ஓடிய அக்குடும்பத்தின் கதையை வாசகர்களோடு சேர்ந்து எண்ணிப்பார்க்க விரும்புகிறேன்.

நியூ யோர்க் மாநிலத்திலே அம்ஸ்ரடாம் என்றொரு சிறுநகர் உண்டு. கம்பள ஆலைகளால் வாழ்ந்த நகர் அது. ரஷ்யப் பேரரசிலிருந்து, இன்று பெலாருஸ் என வழங்கும் பகுதியிலிருந்து, குடிபெயர்ந்து வந்த ஹேர்ஷல் என்ற யூதர் அங்கே வாழ்ந்தார். யூதருக்கு ஆலைகளிலே வேலை கிடைக்கவில்லை. ஆகவே அவர் ஒரு குதிரை வண்டியோடு தெருத்தெருவாகச் சென்று கந்தைத் துணிகளையும் பழைய இரும்பையும் வாங்கி விற்றார். ஆறு பெண்களும் ஒரே ஆணுமாக அவருக்கு ஏழு பிள்ளைகள். 1916 ஆம் ஆண்டு பிறந்த அந்த ஒரே மகன்தான் பிற்காலத்திலே கேர்க் டக்ளஸ் என்று உலகம் அறிந்த நடிகர். 1988 இல் அவர் எழுதிய சுயசரிதைக்கு அவர் சூட்டிய பெயரே 'கந்தைக்காரனின் மகன்' என்பதாகும்.

சிறுவயதிலே ஆலைத் தொழிலாளருக்குத் தின்பண்டம் விற்று வீட்டுக்குப் பாலும் பாணும் வாங்கிக் கொடுத்தவர் கேர்க். கடன் பெற்றுப் பல்கலைக்கழகத்திலே சேர்ந்து, தோட்டவேலையும் துப்புரவுவேலையும் செய்து படித்தார். நியூ யோர்க்கிலே நாடகக் கலை பயின்றபோது உணவுச்சாலையிலே பரிமாறுபவராக இருந்தார். குளிர்காலத்துக்கேற்ற மேலங்கி இல்லாமல் அவர் திரிந்ததைக் கண்ட சகமாணவி ஒருத்தி, தன் மாமாவின் பழைய அங்கியை வாங்கிக் கொடுத்தாளாம். அம்மாணவியே பின்னர் லோரன் பக்கோல் என்ற பெயரிலே பெரும் நட்சத்திரமானார். ஹொலிவூட் தயாரிப்பாளர் ஒருவருக்குக் கேர்க்கின் பெயரைச் சொல்லி, 1946 இல் அவருடைய முதற்படத்துக்கு வழிதிறந்தவரும் அவரே.

இதனை நான் வேண்டுமென்றே குறிப்பிடுகிறேன். தானே முளைத்த மரம் என்று நாம் போற்றும் கேர்க் டக்ளஸுக்கும் ஒருவர் கதவைத் திறந்துவிடத்தான் வேண்டியிருந்தது. ஆயினும் அந்தச் சொல்லைச் சொன்னவர் அவருடைய இரத்த உறவினர் அல்லர். அவருடைய நடிப்பைப் பயிற்சிக்காலத்திலேயே அருகிருந்து பார்த்தவர். உறவுக்காகச் சொல்லும் சொல்லுக்கும் வேலையைக் கண்டு சொல்லும் சொல்லுக்கும் உள்ள வேறுபாடு இங்கே தெளிவாகிறது. இளம் ஆசிரியரின் கோபத்துக்குரியது முன்னையதே.

இந்தக் கேர்க்குக்கு இரண்டு திருமணங்களின் வழியாக நான்கு ஆண்மக்கள் பிறந்தனர். நால்வரும் ஏதோவொரு வகையிலே திரைத்துறையையே நாடினர். பிள்ளைகளைப் பற்றிக் கேட்பவர்களுக்கு அவர் வேடிக்கையாக ஒரு விடை சொல்வதுண்டு: தமக்குக் கிடைத்த வாய்ப்பு தம் பிள்ளைகளுக்குக் கிடைக்கவில்லையாம், தாம் கொடிய வறுமையிலே பிறக்கும் பேறு பெற்றவராம்.

கேட்டவர்கள் சிரித்திருப்பார்கள். ஆனால் பிள்ளை வளர்த்தவர்களுக்கு இது சிரிக்கும் காரியமன்று. எந்தத் தகப்பனும் தன் பிள்ளை தான் பட்ட துன்பத்தைப் படக்கூடாதென்றே உழைக்கிறான். அந்த உழைப்பு வெற்றிபெற்றால், தன்னை உழைப்பாளியாக்கிய அந்தத் துன்பமே பிள்ளைக்கு இல்லாமற் போகிறது. வீட்டையும் காணியையும் எழுதிக்கொடுக்கலாம்; பசியை எழுதிக்கொடுக்க எந்த உறுதியும் இல்லை.

மூத்த மகன் மைக்கேல் 1944 இல் பிறந்தவர். 1951 இல் பெற்றோர் பிரிந்தபின் அவர் பெரும்பாலும் தாயிடமே வளர்ந்தார். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திலே நாடகம் பயின்றபோது அவர் நடித்ததொரு நாடகத்தைத் தந்தை வந்து பார்த்தார். நாடகம் முடிந்ததும், உன் நடிப்பு மிக மோசம் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். மகன் நடிகனாகமாட்டான், வேறு தொழிலுக்குப் போய்விடுவான் என்று தாம் ஆறுதலடைந்ததாகக் கேர்க்கே பிற்காலத்திலே சொல்லிச் சிரித்ததுண்டு. மகனோ மீண்டும் நடித்தார். மீண்டும் தந்தை வந்தார். அப்போது நன்று என்றார்.

இந்தக் கடுமைக்கும் ஒரு வரலாறு உண்டு. கேர்க் சிறுவனாக இருந்தபோது பள்ளி நாடகமொன்றிலே நடித்தார். பிள்ளைகளை ஒருபோதும் பாராட்டாத ஹேர்ஷல் யாருக்கும் சொல்லாமல் வந்து பின்னாலே நின்று பார்த்திருக்கிறார். நாடகம் முடிந்தபின் ஒரு வார்த்தையும் பேசாமல் மகனுக்கு ஓர் ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுத்தாராம். தமக்குக் கிடைத்த முதலாவது ஒஸ்கார் அதுதான் என்று கேர்க் முதுமையிலும் நினைவுகூர்ந்தார். பாராட்டுக்கு ஏங்கிய மகன், தான் தகப்பனானபோது பாராட்டை மலிவாக வழங்க மறுத்தான் போலும்!

மைக்கேலை உழைப்பாளியாக்கியவர் தந்தை மட்டுமல்லர். 1972 இல் தொடங்கிய 'சான் பிரான்சிஸ்கோவின் வீதிகள்' என்ற தொலைக்காட்சித் தொடரிலே அவர் கார்ல் மோல்டன் என்ற மூத்த நடிகரோடு இணைந்து நடித்தார். மோல்டன் குடியேறிய சேர்பியர் ஒருவரின் மகன். நாடகத்துக்கு வருமுன் இந்தியானா மாநிலத்து உருக்காலையிலே வேலைசெய்தவர். ஆண்டொன்றுக்கு இருபதுக்கு மேற்பட்ட பகுதிகளைப் படமாக்கும் ஓயாத வேலை அது. தொழில் ஒழுக்கத்தை அவரிடமே கற்றதாக மைக்கேல் பல தடவை நன்றியோடு கூறியிருக்கிறார். கந்தைக்காரனின் பேரனுக்கு உழைப்பைக் கற்பித்தது உருக்காலைத் தொழிலாளி ஒருவரின் கை. தகப்பன் சொல்லிக் கேளாததை வாத்தியார் சொல்லிக் கேட்பான் என்று நம் பெரியோர் கருதியதும் இதுபற்றியே.

இனி, இக்கதையின் நடுவிலே நிற்கும் நிகழ்ச்சிக்கு வருகிறேன்.

கென் கீசி என்பவர் 1962 இல் எழுதிய நாவலொன்று, மனநோயாளர் மருத்துவமனை ஒன்றின் கொடுமையைச் சொல்வது. 'குயிற்கூட்டின் மேலாக ஒருவன் பறந்தான்' என்று அதன் பெயரைத் தமிழாக்கலாம். கேர்க் அதன் உரிமையை வாங்கி, 1963 இல் நியூ யோர்க் மேடையிலே தாமே கதாநாயகனாக நடித்தார். திரைப்படமாக்கவேண்டுமென்று பத்தாண்டுகள் அலைந்தார். பட நிறுவனங்கள் ஒன்றேனும் இணங்கவில்லை. செக்கோசிலோவாக்கியாவுக்குச் சென்றபோது மிலோஷ் போர்மன் என்ற இளம் இயக்குநரைச் சந்தித்து, நூலை அனுப்புவதாக வாக்களித்து அனுப்பியும் வைத்தார். அது போர்மனின் கைக்குப் போய்ச் சேரவேயில்லை. அனுப்பவில்லையே என்று அவர் இவரையும், பதில் எழுதவில்லையே என்று இவர் அவரையும் நொந்துகொண்டனர்.

இறுதியில் மைக்கேல் தந்தையிடம் கேட்டு அந்தப் பொறுப்பைத் தம் கையில் எடுத்துக்கொண்டார். நடிகரின் மகன் என்பதனாலேயே கிடைத்த வாய்ப்பு இது என்பதில் ஐயமில்லை. அம்ஸ்ரடாமின் வேறெந்த இளைஞனுக்கும் இது கிடைத்திராது. ஆனால் அவருக்கு முன்னும் கதவுகள் அடைபட்டே இருந்தன. இசைத்தட்டு நிறுவனம் நடத்திய சோல் செயின்ற்ஸ் என்பவரைக் கூட்டாளியாக்கிக்கொண்டு, போர்மனையே இயக்குநராக அழைத்து, ஒறிகன் மாநிலத்திலுள்ள உண்மையான மனநோயாளர் மருத்துவமனையிலே படப்பிடிப்பை நடத்தினார்.

கதாநாயகன் யார் என்ற கேள்வி வந்தது. அந்தப் பாத்திரத்தைத் தம்முடையதென்றே கேர்க் எண்ணியிருந்தார். பணம் கொடுத்து வாங்கியவர் அவர். மேடையிலே அதற்கு உயிர்கொடுத்தவர் அவர். பத்தாண்டுகள் அதற்காக அலைந்தவரும் அவரே. ஆனால் அவருக்கு வயது ஐம்பத்தெட்டு ஆகியிருந்தது. பாத்திரத்துக்கு அந்த வயது பொருந்தாது என்று முடிவாயிற்று. ஜக் நிக்கல்சன் என்ற நடிகர் தெரிவுசெய்யப்பட்டார். தம் வாழ்விலே அடைந்த பெரிய ஏமாற்றங்களுள் ஒன்றென்று கேர்க் அதனைக் கடைசிவரை கூறிவந்தார்.

1975 இல் வெளியான அப்படம், சிறந்த படம், இயக்குநர், நடிகர், நடிகை, திரைக்கதை என்ற ஐந்து முதன்மை ஒஸ்கார் விருதுகளையும் ஒருங்கே பெற்றது. 1934 இல் வெளிவந்த ஒரு படத்துக்குப் பிறகு எந்தப் படமும் அடையாத சிறப்பு இது. சிறந்த படத்துக்கான விருதைத் தயாரிப்பாளராகப் பெற்றபோது மைக்கேலுக்கு வயது முப்பத்தொன்று. மூன்று தடவை நடிப்புக்காக விதந்துரைக்கப்பட்டும் கேர்க்குக்கு அவ்விருது ஒருதடவையேனும் கிட்டியதில்லை. பின்னர் 1987 இல் வெளியான 'வோல் ஸ்ரீட்' படத்துக்காகச் சிறந்த நடிகர் விருதையும் மைக்கேல் பெற்றார்.

எங்கள் விவாதத்துக்கு விடை இங்கேதான் இருக்கிறதென்று நான் நினைக்கிறேன். உரிமை பாராட்டுதல் பிள்ளைகளுக்கு மட்டுமுரிய குற்றமன்று. வறுமையிலே பிறந்து, தம் உழைப்பாலேயே உயர்ந்த கேர்க்கும், 'இது என்னுடையது' என்றே எண்ணினார். படத்துக்கு எது தகும் என்ற கேள்வி முன்னே வந்தபோது, தந்தை என்ற உறவு பின்னே தள்ளப்பட்டது. உறவினாலே உள்ளே வந்த மகன், வேலை என்று வந்தபோது உறவுக்கு அங்கே இடங்கொடுக்கவில்லை. அது அவருக்கு எளிதாக இருந்திராது. ஆனால் அந்த ஒரு செயலிலே, தாம் பெற்ற சலுகைக்குரிய விலையை அவர் கொடுத்துத் தீர்த்தார் என்பேன்.

கதை இத்துடன் முடிந்தால் நமக்கு நல்லதொரு பாடம் கிடைத்திருக்கும். மேடையிலே சொல்லிக் கைதட்டும் பெறலாம். ஆனால் அதே வீட்டிலே வேறு பிள்ளைகளும் பிறந்தார்கள்.

இளையமகன் எரிக் 1958 இல் பிறந்தவர். அவரும் நடிக்க வந்தார். மேடையிலே தனித்து நின்று நகைச்சுவை சொல்லவும் முயன்றார். 1991 இல் தொலைக்காட்சிக் கதையொன்றிலே தந்தையும் அவரும் ஒன்றாக நடித்தனர். முதலாம் உலகப்போர் பற்றிய கதை அது. கேர்க் படைத்தளபதி, எரிக் அவருடைய மகனாகிய இளம் அதிகாரி. கோழையாகிய மகனுக்குத் தந்தையே மரணதண்டனை நிறைவேற்றுவிக்கிறார். அது வெறும் நடிப்புத்தான். ஆயினும் பின்னர் நடந்ததை அறிந்தவர்களால் அதனை நடிப்பாக மட்டும் பார்க்க இயலாது. போதைப் பழக்கத்தோடு நெடுங்காலம் போராடிய எரிக், 2004 இல் தமது நாற்பத்தாறாவது வயதிலே இறந்தார்.

மைக்கேலின் மூத்தமகன் கமரன் 1978 இல் பிறந்தவர். 2003 இல் பாட்டனும் தந்தையும் பேரனும் ஒரே குடும்பமாக ஒரு படத்திலே நடித்தனர். ஆனால் 2010 இல், போதைப்பொருள் விற்ற குற்றத்துக்காகக் கமரனுக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. சிறையிலும் குற்றம் தொடர்ந்ததால் தண்டனை நீண்டது. 2016 இலேயே அவர் வெளியே வந்தார். தீர்ப்புக்கு முன் நீதிபதிக்கு எழுதிய கடிதத்திலே மைக்கேல், புகழ்பெற்ற தந்தையின் நிழலிலே தன்னைத் தான் யாரென்று கண்டுகொள்வது எத்துணைச் சுமை என்பதைத் தாம் ஓரளவு அறிந்தவர் என்று குறிப்பிட்டார். விடுதலையான பின்னர் கமரன் தம் வீழ்ச்சியை மறைக்காமல் 2019 இல் ஒரு நூலாக எழுதினார். அதன் மறு ஆண்டு பெப்ரவரியிலே, நூற்றுமூன்று வயதிலே, பாட்டனார் மறைந்தார்.

ஒரே தந்தை, ஒரே கடுமை, ஒரே செல்வம். ஒருவர் எழுந்தார், ஒருவர் வீழ்ந்தார். மறுதலைமுறையில் ஒருவர் வீழ்ந்து எழுந்தார். ஆகவே, கண்டித்து வளர்த்தால் உழைப்பான் என்றோ, வறுமையைக் காட்டி வளர்த்தால் திருந்துவான் என்றோ விதி செய்ய எனக்குத் துணிவில்லை. போதைப் பழக்கம் சோம்பலின் தண்டனையன்று. அது ஒரு நோய். அது செல்வர் வீட்டிலும் புகும், ஏழை வீட்டிலும் புகும். ஆயினும் இந்தப் பிள்ளைகளுள் யாரும், 'நீ யார்?' என்ற கேள்விக்குத் தகப்பனின் பெயரைச் சொல்லாமல் விடைகூற வாய்ப்பின்றிப் பிறந்தவர்கள் என்பது மட்டும் உண்மை.

நம் தேசவழமைச் சட்டம், 1707 இல் ஒல்லாந்தர் ஆட்சியிலே தொகுக்கப்பட்டது. அது சொத்தை வகைப்படுத்தும்போது, பெற்றோர்வழி வருவதை முதுசம் என்றும், கணவனும் மனைவியும் இல்வாழ்க்கையிலே ஈட்டுவதைத் தேடியதேட்டம் என்றும் பிரித்துவைத்தது. இரண்டும் சொத்துத்தான்; ஆனால் ஒன்றல்ல. பெயரும் வாய்ப்பும் அறிமுகமும் முதுசமாக வரலாம். வேலையிலே உள்ள பற்றும் ஒழுக்கமும் எப்போதும் தேடியதேட்டமே. கேர்க்கிடம் இருந்ததை மைக்கேல் பெற்றுக்கொள்ளவில்லை, மீண்டும் தேடிக்கொண்டார். கமரனும் நாற்பது வயதை அடுத்தே தமக்குரியதைத் தேடத் தொடங்கினார்.

வீடு திரும்பும் வழியிலே என் மனம் அமைதியடையாத காரணத்தைச் சொல்வதாகக் கூறினேன். எனது தந்தையார் ஒரு தோட்டக்காரர். புகையிலைக் கன்றுகளுக்கு விடியற்காலையிலே துலாமிதித்து நீரிறைத்தவர். நானும் சிறுவயதிலே அவரோடு ஏறி மிதித்திருக்கிறேன். அந்தத் துலாவிலிருந்து இறங்கி ஆசிரியனானேன். என் மகன் துலாவைப் படத்திலேதான் கண்டிருக்கிறான். அவன் படிப்பை முடித்துவிட்டு வேலை தேடியபோது, உயர்பதவியில் இருந்த எனது பழைய மாணாக்கர் ஒருவரிடம் நான் போய் ஒரு சொல் சொன்னேன். வேலை கிடைத்தது. அந்த வாசலிலே அன்று எத்தனை பிள்ளைகள் நின்றார்கள் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. இளம் ஆசிரியரின் கோபத்தை நியாயம் என்று சொன்ன என் நாவுக்கு இது நினைவிருந்தது.

அதற்குமேலும் ஒரு தவறு செய்தேன். வேலை கிடைத்த நாள்முதல் அவனிடம், "உன் வயதிலே நான் துலா மிதித்தேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். துலா மிதிக்கவேண்டாம் என்று அவனை இறக்கிவிட்டவனும் நானே. மிதித்தறியாதவன் என்று குறைசொன்னவனும் நானே. பத்தாண்டுகளுக்கு மேலாக அவன் ஒரு வேலையைச் செய்துவருகிறான். அந்த வேலையிலே அவனுக்குக் கடினமானது எது, அவன் பெருமைகொள்வது எதனால், அவனுக்கு அதனைக் கற்பித்தவர் யார் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. நடிகரின் மகனைப் பற்றிப் பேசும் ஊராரைப் போலவே, என் மகனைப் பற்றிய என் பேச்சிலும் தகப்பன் மட்டுமே இருந்திருக்கிறான்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை அவனிடம் கேட்டேன். முதலில் ஐயத்தோடு என்னைப் பார்த்தான். "ஏன் அப்பா, ஆரும் ஏதும் சொன்னவையோ?" என்றான். இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன் என்றேன். பிறகு சொல்லத் தொடங்கினான். தேநீர் ஆறிப்போகும்வரை சொன்னான். எனக்குப் பாதி விளங்கவில்லை. ஆனால் அவன் முகம் எனக்கு விளங்கிற்று. விடியற்காலையிலே துலாவிலிருந்து இறங்கி, வாய்க்காலிலே நீர் ஓடுவதைப் பார்த்து நின்ற என் தந்தையாரின் முகம் அப்படித்தான் இருக்கும்.